ரெண்டே ரெண்டு படி

"ரெண்டே ரெண்டு படிதான் டீச்சர், தைரியமா வாங்க" என்று போனில் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன். முப்பது வருடமாக நான் ஏறி இறங்கும் அரங்கம் அது. காபி டம்ளரோடு ஏறியிருக்கிறேன், ஒட்டு மீசையோடு ஏறியிருக்கிறேன். ஒருமுறை வசனம் சுத்தமாக மறந்துபோய், இப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டும் ஏறியிருக்கிறேன். அங்கே படி இருக்கிறது என்று கால் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. கேட்டவுடன் ஏதோ ஒரு எண்ணைச் சொல்ல வேண்டுமே என்று வாய் ரெண்டு என்றது.

ஏழு இருந்தது.

டீச்சர் என்றால் எனக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவிலேயே வீடு. சிறு வயதில் போலியோ வந்தவர். நான் டியூஷன் போன காலத்தில் காலில் இரும்பு காலிப்பர் மாட்டி, கட்டைகளை ஊன்றி நடப்பார். வயதாக ஆகத் தோள்கள் தேய்ந்து இப்போது வீல்சேர். அவரிடம் படித்த கணக்கு எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "ஸ்கேலோட விளிம்புலேருந்து அளக்காதேடா, பூஜ்ஜியக் கோட்டுலேருந்து அள" என்று தலையில் தட்டாத நாள் கிடையாது. நான் விளிம்பிலிருந்தே அளந்தேன். என் முக்கோணங்களின் மூன்று பக்கங்களும் கடைசிவரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

ஏழு படியையும் நான் கட்டவில்லை என்பது என் தரப்பின் முதல் வாதம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் வந்தது. விக்டோரியா பொது மண்டபம் அதற்கும் மூத்தது. எங்கள் அரங்கம் அந்த வம்சத்தில் ஒன்றுவிட்ட தம்பி. பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற குற்றங்களில் கட்டடத்தின் பங்கு சொற்பம். மழைத்தண்ணீரும் கரையானும் ஏறாதிருக்க அந்தக் காலத்தில் தரையை உயர்த்திக் கட்டினார்கள். துரைமார்கள் கோச்சு வண்டியிலிருந்து நனையாமல் இறங்க ஒரு போர்ட்டிகோ. இறங்கிய பிறகு, நாலு பேர் பார்க்க நிதானமாக ஏறிப் போகப் படிகள். அப்படி ஏறுவதே பாதி நாடகம். ஏற முடியாதவருக்கு அதில் வேஷம் எழுதப்படவில்லை.

அன்றைக்கு எங்கள் நாடகக் குழுவின் விழா, நான் வரவேற்புக் குழுத் தலைவர். குழு என்றால் நானும் பன்னீர்ச் செம்பும். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று போட்டதும் நான்தான். ஆட்டோவிலிருந்து டீச்சரை இறக்கி, மடக்கியிருந்த வீல்சேரை விரித்து உட்காரவைத்தாள் கூட வந்த பேத்தி, அவர் தங்கையின் பேத்தி. டீச்சர் நிமிர்ந்து படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படியைப் பார்த்தார்.

என்னுள்ளே இருந்த நடிகன் விழித்துக்கொண்டது அப்போதுதான். "ஒண்ணும் கவலைப்படாதீங்க!" என்று கூவி, மேக்கப்பும் கிரீடமுமாக நின்ற நாலு பையன்களைக் கூப்பிட்டேன். இரண்டு மந்திரிகள், ஒரு தளபதி, ஒரு சேடி. (சேடி வேஷத்தில் இருந்தவன் ஜிம்முக்குப் போகிறவன்.) நாலு பேரும் நாலு மூலையில் பிடித்துத் தூக்க, நான் முன்னால் நடந்து "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினேன். சாமி புறப்பாடு தோற்றது. யாரோ போட்டோ எடுத்தார்கள். என் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பிறகு அந்தப் போட்டோவில் பார்த்தபோது, கிழித்துப் போடலாம் என்றால் அது வாட்ஸப்பில் வந்திருந்தது.

இரண்டாவது படியில் தளபதியின் பக்கம் இருந்த கைப்பிடி கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. வீல்சேரின் கைப்பிடி கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது. தூக்குவதற்கு அதைப் பிடிக்கக் கூடாது என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவரை நாங்கள் கேட்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய, மற்ற மூவரும் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். தளபதி கைப்பிடியைப் பரிசுக் கோப்பை மாதிரி உயர்த்திப் பிடித்தபடி நின்றான்.

"கீழே இறக்குங்கோ" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. டியூஷனிலும் உயர்ந்ததில்லை. "முதுகுப் பக்கத்தைப் படிக்குத் திருப்பு. பிரேக் போடாதே. ரெண்டு பேர் பின்னாடி ஹேண்டிலைப் பிடிங்கோ. ரெண்டு பேர் முன்னாடி, கால் வைக்கிற பலகையைத் தொடாதே, அதுவும் கழண்டு வரும், கம்பியைப் பிடி. நான் எண்ணுவேன். எண்ணினப்புறம் இழுக்கணும், ஒவ்வொரு படியா."

எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டத்துக்கே கேட்கும்படி எண்ணினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்னைப் பார்த்து ஒரு வினாடி நிறுத்தியது என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஏழாவது படிக்கு மேலே, வாசலில், சங்கரதாஸ் சுவாமிகள் படத்துக்கு நாங்கள் மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றியிருந்தோம். நாடகக்காரர்களுக்கு அவர்தான் பிள்ளையார் சுழி. அவரே கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் நடையும் போய், 1922இல் புதுச்சேரியில் மறைந்தார் என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். நானே மேடையில் நாத்தழுதழுக்கப் பேசியிருக்கிறேன். அந்த மனிதர் அந்த நிலையில் எங்கள் வாசலுக்கு வந்திருந்தால், அவருடைய படத்தை மட்டும் மேலே வைத்துவிட்டு அவரைக் கீழேயே நிறுத்தியிருப்போம் என்ற கணக்கு அன்றுவரை எனக்கு ஓடவில்லை.

சரி, உள்ளே வந்தாயிற்று. எங்கே உட்காரவைப்பது? அதை யோசித்தேனா என்றால், டீச்சர் நாற்காலியோடு வருவதால் ஒரு நாற்காலி மிச்சம் என்றுதான் யோசித்திருந்தேன். நடைபாதையில் விட்டால் வழி அடைக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால் விட்டால், முன்னால் உள்ளவர்கள் எழுந்து கைதட்டும்போதெல்லாம் அவருக்குச் சட்டை முதுகுகள்தான் தெரியும். கடைசியில் கௌரவமாக முதல் வரிசைக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பழைய அரங்கங்களில் தரை மேடையை நோக்கிச் சரியும், பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரிவதற்காக. சரிவில் சக்கரம் என்ன செய்யும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். பிரேக் போட்டும் வண்டி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேடையை நோக்கி நகர்ந்தது. முதல் காட்சியில் ராஜாவுக்கு ஏழடி தூரத்தில் இருந்தவர், மூன்றாவது காட்சியில் ஐந்தடியில் இருந்தார். ராஜா வசனத்தைத் தடுமாறியதற்கு அவன் சொன்ன காரணம் அதுதான்.

பேத்தி விழா மலர் இரண்டை மடித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். மலரில் என் கட்டுரை ஒன்று இருந்தது. தலைப்பு, 'கலை அனைவருக்கும்'. அச்சில் வந்த என் எழுத்து ஒருவருக்காவது உண்மையில் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

இடைவேளையில் அதைவிட மோசம். எங்கள் அரங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. கதவில் நீல நிறத்தில் வீல்சேர் படம் போட்ட பலகைகூட உண்டு. பெருமையாக அழைத்துப் போனேன். பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது, ஏனென்றால் அதைப் பூட்டியவன் நான். திறந்தால் உள்ளே போன நாடகத்தின் சிம்மாசனம். அதன் மேல் இரண்டு அட்டைக் கோட்டைச் சுவர், சுருட்டிய பேனர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் பாதி. சும்மா கிடக்கிற இடம்தானே என்று நான்தான் போட்டுவைத்திருந்தேன். சும்மா ஏன் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"உடனே காலி பண்ணிடறேன் டீச்சர், அஞ்சே நிமிஷம்."

"ஒண்ணும் வேண்டாம். நான் மத்தியானத்துலேருந்து தண்ணி குடிக்கலை. எங்கே வெளியே போனாலும் அப்படித்தான். உன்னை நம்பியா வருவேன்?"

எதற்கும் பதில் வசனம் கைவசம் வைத்திருப்பவன் நான். அதற்கு இல்லை. சமாளிக்க வேண்டி, பேத்தியைப் பார்த்து, "பாட்டி காபி சாப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டேன். "பாட்டி இங்கேதான் இருக்காங்க அங்கிள், அவங்களையே கேளுங்க" என்றாள். காபியைப் பற்றி விசாரித்த வேகத்தில், தண்ணீரே குடிக்காதவரிடம் காபி நீட்டுகிறோம் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடினேன். திருந்துவதற்காக இல்லை, பழைய கட்டடங்களுக்கு விலக்கு கட்டாயம் இருக்கும், அதை டீச்சருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான். கிடைத்தது வேறு. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்து வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன். அப்படியானால் 2022 ஜூனோடு கெடு முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இதையெல்லாம் வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்தால் போதாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. விலக்குத் தேடிப் போனவன் வட்டியோடு கடன் பாக்கியைத் தெரிந்துகொண்டு வந்தேன்.

பாரம்பரியக் கட்டடத்தில் கை வைக்கக் கூடாதே என்று ஒருநாள் டீச்சரிடம் இழுத்தேன். கடைசி அஸ்திரம். "ஏசி மாட்ட ஓட்டை போட்டாளே, அப்போ பாரம்பரியம் எங்கே போயிருந்தது?" என்றார். பதில் சொல்லவில்லை. அந்த அரங்கத்தின் சுண்ணாம்புத் தூண்களில் பேனர் கட்ட நான் அடித்த ஆணிகளை எண்ணினால் ஏழைத் தாண்டும்.

அடுத்த வருடம் சாய்தளம் போடுவது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். செட் போடும் ஆசாரியிடம் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை இரண்டு இருந்தது. சேர்த்துச் சட்டம் அடித்து, படியின் மேல் சாய்த்துப் போட்டார். பார்க்க அழகாக இருந்தது. பூங்காவில் குழந்தைகள் சறுக்குவதற்குப் போடுவார்களே, அது மாதிரி. சோதனை ஓட்டத்துக்கு நானே இரவல் வீல்சேரில் உட்கார்ந்தேன். இரண்டு பையன்கள் தள்ளினார்கள். பாதியில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறவனால் தள்ள முடியாது. நான் பின்னோக்கி இறங்கினேன். போர்ட்டிகோவில் விழாவுக்குக் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு என்னை ஏந்திக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் பின்னோக்கிப் போவது எப்படி இருக்கும் என்பது அந்த மூன்று வினாடிகளில் தெரிந்த அளவுக்கு எந்தக் கட்டுரையிலும் தெரிந்ததில்லை.

டீச்சருக்குப் போன் போட்டேன். "ஒரு படி எவ்வளவு உயரம்?" ஆறு அங்குலம். "ஏழாறு?" நாற்பத்திரண்டு. "ஒரு அங்குலம் ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேணும். அப்போ?" மனக்கணக்கில் தடுமாறினேன். நாற்பத்திரண்டு அடி. நடுவில் வண்டி நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் தனி. எங்கள் போர்ட்டிகோ மொத்தமே பதினைந்தடி. நேராகப் போட்டால் சாய்தளம் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும். "மடிச்சுப் போடலாம், பக்கவாட்டில் போடலாம். அதுக்குக் காசு வேணும், அனுமதி வேணும். எட்டடிப் பலகையில் மனுஷாளை ஏத்தாதே" என்றார்.

வழி கிடைத்தது மூளையால் அல்ல, இடுப்பு வலியால். செட் சாமான் ஏற்றுகிற அன்று, டிரங்குப் பெட்டியைத் தூக்க முடியாமல் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். லாரியிலிருந்து இறக்கிய பெரிய பெட்டி ஒன்று, அடியில் சக்கரம் வைத்தது, என் முன்னால் அலுங்காமல் உருண்டு உள்ளே போயிற்று. மேடைக்குப் பின்னால் செட் ஏற்றுவதற்கென்று ஒரு அகலக் கதவு, அதற்கு முன்னால் கருங்கல் பாவிய நீளமான மெல்லிய சரிவு. கட்டிய நாளிலிருந்து இருக்கிறது. முப்பது வருடமாக அதில் சிம்மாசனம் உருட்டியிருக்கிறேன், ஹார்மோனியப் பெட்டி உருட்டியிருக்கிறேன், அட்டை யானை ஒன்றைக்கூட உருட்டியிருக்கிறேன். சக்கரம் வைத்த சாமானுக்கு வழி வைத்த கட்டடம்தான் அது. சக்கரத்தில் ஒரு மனிதர் வருவார் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

அதைக் கண்டுபிடித்த கொலம்பஸ் மாதிரி டீச்சரிடம் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "பின்வாசல்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்லை. பழக்கம்தான். ஆனா அங்கே ஒரு லைட்டாவது போடு. அப்புறம் அழைப்பிதழில் அதையும் வாசல்னு போடு" என்றார். மாற்றுத்திறனாளி என்ற சொல் கலைஞர் ஆட்சியில் அரசுக் காகிதம் ஏறியபோது ரொம்ப சந்தோஷப்பட்டவர்களில் அவரும் ஒருவர். "பேரை மாத்தினது நல்லதுதான். அதுக்குக் காசு ஆகலை பாரு, சீக்கிரம் நடந்துடுத்து" என்பார்.

லைட் போட்டேன். அழைப்பிதழில் போட்டேன். விழா அன்று டீச்சரின் ஆட்டோ பின்பக்கம் வந்து நின்றபோது, சரிவின் நட்டநடுவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. "எவன்டா இவன், அறிவு இருக்கா?" என்று நான் போட்ட சத்தம் கிரீன் ரூம் வரை கேட்டது. பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். இருபது வருடமாக மழைக்கு ஒதுங்கலாக அங்கேதான் நிறுத்துகிறேன், கை தன்பாட்டில் நிறுத்திவிட்டிருக்கிறது. அன்று காலை அதே இடத்தில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று சாக்பீஸால் எழுதியவனும் நான். எழுத்தின் மேலேயே ஸ்டாண்ட் போட்டிருந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பார்வையில்லாத ஒருவர் வந்தபோது, அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள விடாமல், அவர் கோல் பிடித்த கையையே பிடித்து இழுத்துப் போய்த் தூணில் மோதவிட்டேன். காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்து, மேடை ஓரத்தில் நிறுத்தி, ராணி சாகும் காட்சியில் உருக்கத்துக்காக விளக்கை மொத்தமாக அணைக்கச் சொன்னேன். கேட்கிறவர்களுக்கு ராணி செத்தாள். மற்றவர்களுக்குக் கரண்ட் போயிற்று.

மேடை விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. டீச்சருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று குழுவில் எல்லோருக்கும் ஆசை. பின்பக்கச் சரிவு அரங்கின் தரை வரைக்கும்தான். மேடைக்கு மேலே போக மறுபடி ஐந்து படி, அதுவும் குறுகலான மரப்படி. கட்டடம் வரைந்தவரின் எண்ணத்தில் பார்க்க வருகிறவர் வேறு, மேடையேறுகிறவர் வேறு. மறுபடி மந்திரிகளைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்க, "உயிரோட இருக்கும்போது நாலு பேர் தூக்கறது ஒருதரம் போதும்" என்றுவிட்டார். தெருக்கூத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. களரியும் மண், பார்ப்பவனும் மண்ணில். கட்டியங்காரனும் நாமும் ஒரே மட்டத்தில் நிற்கிறோம். மேடை வந்ததும்தான் நாம் கழுத்தை நிமிர்த்தப் பழகினோம். ஆனால் கூத்து நடக்கிற வயல் மணலில் வீல்சேர் சக்கரம் புதையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் டீச்சர் சிவப்பு மையில் சுழிப்பார்.

பொன்னாடையைக் கீழே வைத்துத்தான் போர்த்தினோம். தலைவரும் செயலாளரும் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார்கள். தலைவருக்கு முட்டி வலி. இறங்க அவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்கும் அந்தப் பின்வழிதான் சௌகரியம்" என்று டீச்சர் அவரிடம் மெதுவாகச் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. இப்போது தலைவர் அந்த வழியாகத்தான் வருகிறார்.

இந்த வருட விழாவுக்குப் போன வாரம் போன் போட்டேன். வழக்கமான கேள்வி வந்தது. "படி எத்தனை?"

இந்த முறை நான் தயார். காலையிலேயே ஸ்கேலோடு போய் வந்திருந்தேன். "முன்பக்கம் ஏழு டீச்சர். மேடைக்கு அஞ்சு. பின்பக்கம் படியே இல்லை, ஆனா கதவில் ஒரு நிலைப்படி மாதிரி துருத்திண்டிருக்கு. அரை அங்குலம். சரியா அரை அங்குலம்."

"அரையா? அரைன்னா முன் சக்கரம் ஏறிடும். அதுக்கு மேலே இருந்தா முட்டிக்கும். அளந்தியா?"

"தரையில ஸ்கேலை நிறுத்தி வெச்சு அளந்தேன் டீச்சர்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

"தரையில நிறுத்தினேன்னா, ஸ்கேலோட விளிம்பு தரையில இருந்துதா, பூஜ்ஜியக் கோடு தரையில இருந்துதா?"

ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.